காருக்காக நான் பேசியது

என் மகன் பழைய டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் கோணிப்பையை விரித்துக் காரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்வான். மருமகள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, இந்த மாதம் அதற்கு என்னென்ன வாங்கினாய் என்று கேட்பாள். அவன் அடியில் இருந்தபடியே பதில் சொல்வான். மெக்கானிக்கிடம் விட்டால் இரண்டு மடங்கு ஆகியிருக்கும், நானே செய்வதால் சாமான் விலை மட்டும்தான், புது வண்டி வாங்கினால் தவணை கட்டி மாளாது என்பான். அவள் விடமாட்டாள். கடைசியில் அவன் தலையை வெளியே நீட்டி, "நீயே சொல்லும்மா, நான் சொல்றது சரிதானே?" என்று என்னைக் கேட்பான்.

நான் அடுப்பில் ஏதோ வைத்ததுபோல உள்ளே போய்விடுவேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கார் விஷயத்தில் நான் பேசாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. அவன் சொல்கிற நியாயம் அத்தனையும், கூட இன்னும் நாலைந்தும், எனக்கு மனப்பாடம். ஒரு காலத்தில் நான் அதையெல்லாம் பேசியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அப்பா பாடியில் ஒரு கம்பெனியில் லேத் வேலை பார்த்தார். நாங்கள் திருவேற்காட்டில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஓலைக் கூரை போட்ட வீட்டில் இருந்தோம். அப்பா தினமும் சைக்கிளில் பாடிக்குப் போய் வருவார். சைக்கிள் மட்டும் வைத்திருந்த வரையில் வீட்டில் சண்டை இல்லை.

கார் எங்கள் வீட்டுக்கு வந்த விதமே சரியில்லை. இரண்டு மாடு பூட்டிய வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கறுப்பு நிறம், பெரிய உடம்பு. அந்த மாதிரி காரை அப்போது பிளஷர் என்பார்கள். பட்டணத்தில் யாரோ அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன வேனில் இருந்த டீசல் எஞ்சினை வைத்து, டாக்சியாக ஓட்டி, இனி ஓடாது என்று ஆன பிறகு விற்றிருந்தார்கள். இரும்பு விலைக்கு வாங்கினேன் என்று அப்பா பெருமையாகச் சொன்னார்.

எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, காரு மாட்டு பின்னாலயே வருது? இன்னும் பால்குடி மறக்கலயா?" என்றார்.

தெருவே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த மெஷின் அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா கொடுத்த சீர். மாமா அம்மாவுக்கு அண்ணன். திருவள்ளூர் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டை எடை போடுகிற வேலை. இரண்டு வருஷம் பீடி கூடக் குடிக்காமல் மிச்சம் பிடித்து வாங்கியது என்று அம்மா சொல்வாள். தெருப் பெண்களுக்கு அவள்தான் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அந்தக் காசை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வைப்பாள். மழைக்கு முன்னால் கூரையை எடுத்துவிட்டு ஓடு போடவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் காரோடு போயின. அவருக்கு அதைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லப் பல நியாயங்கள் இருந்தன. டீசல் விலை பெட்ரோலில் பாதிகூட இல்லை. டீசல் எஞ்சினில் தீப்பொறி தருகிற பிளக் கிடையாது, காயில் கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் கிடையாது. மெக்கானிக்குக் கொடுக்கிற கூலி நமக்கு மிச்சம். முகூர்த்த நாளில் வாடகைக்கு விட்டால் போட்ட காசு வந்துவிடும். ராத்திரியில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் டாக்சிக்கு எங்கே ஓடுவது? எல்லாவற்றுக்கும் கடைசியில், "இப்போ வித்தா இரும்பு விலை. ஓட வெச்சி வித்தா காரு விலை" என்பார். இதைச் சொல்லும்போது கையைத் துடைத்துக்கொள்வார்.

அம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"ஓடாத வண்டிக்கு பெட்ரோலா இருந்தா இன்னா, டீசலா இருந்தா இன்னா?"

அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவார்.

ஐப்பசி பிறக்க இருந்த சமயத்தில் ஒருநாள் பாட்டில் காலியாக இருந்தது. காரில் ஒரு பாட்டரி இருந்தது. அது புதுசும் இல்லை, யாரோ லாரிக்காரர் கழற்றிப் போட்டது. அம்மா பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் அது வழக்கமான சண்டையாகப் போயிருக்கும்.

"ஓடு போட வெச்சிருந்தேன்யா."

"போட்டுடலாம். ரெண்டு முகூர்த்தம் ஓடட்டும், ஓடு இன்னா, மாடி வூடே கட்டலாம். இதையே மெக்கானிக்கு கையில குடுத்து செஞ்சிருந்தா..."

"போதும்யா. நீயும் உன் காரும் குடும்பம் நடத்துங்க."

உள்ளே போய் ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு வந்தாள். அவள் நிஜமாகவே போகிறாள் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்திருக்கவேண்டும். "போ. இதே காருல வந்து உன்ன அழைச்சிகினு வரல, அப்போ கேளு" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "வா. காருல வந்தா வரேன். பஸ்ல வந்தே, வந்த பஸ்ஸுலயே திருப்பி அனுப்பிடுவேன்."

என்னிடம், "ஸ்கூலுக்கு ஒழுங்கா போ. சோறு பொங்க எதிர் வீட்டு அக்கா சொல்லித் தருவா" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைக் கூட்டிப்போகவில்லை. இரண்டு மூன்று நாளில் திரும்பி வருகிறவள்தானே, பள்ளிக்கூடம் எதற்குக் கெடவேண்டும் என்று நினைத்திருப்பாள்.

அப்படிப் போனவள் தானாகத் திரும்பி வரக்கூடாது, வீட்டுக்காரர் வந்து அழைக்கவேண்டும். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த முறை. அவர் எப்படி வரவேண்டும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து அந்த ஒரு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா போனது திருவள்ளூர் பக்கம் மாமா வீட்டுக்கு, பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்குகிற ஊர். பஸ் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நானும் அப்பாவும் காரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தோம்.

மழை வந்தது. கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். தையல் மெஷின் சத்தம் இல்லாத வீட்டுக்குள் போக எனக்கு என்னவோபோல இருக்கும். நேராகப் போய்க் காரின் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே ஒரு சொட்டு விழாது. அங்கேயே வீட்டுப்பாடம் எழுதுவேன், அங்கேயே அப்பா வருகிற வரையில் தூங்குவேன். காருக்குள் மழை ஒழுகாது என்பதை நானே கண்டுபிடித்து அப்பாவின் நியாயங்களோடு சேர்த்துக்கொண்டேன்.

தெருவில் யாரும் என்னிடம் அம்மாவைப் பற்றி நேராகக் கேட்கமாட்டார்கள். காரைப் பற்றித்தான் கேட்பார்கள். "இன்னா பாப்பா, காரு எப்போ கெளம்புது?" என்பார்கள். மற்ற எதற்கும் தலையைக் குனிந்துகொள்கிற நான், இதற்கு மட்டும் நிமிர்ந்து நின்று டீசலில் தொடங்கி இரும்பு விலை வரையில் சொல்லி முடிப்பேன். எதிர் வீட்டு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு, "அப்பனுக்கு ஒரு வக்கீலு பொறந்துகீதுடா" என்றாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. கார் ஓடினால் அம்மா வந்துவிடுவாள். அப்படியானால் காரைப் பற்றி நல்லபடியாகச் சொல்வதும் அம்மாவைக் கூப்பிடுவதும் ஒன்றுதானே.

கார்த்திகையில் ஒருநாள் அப்பா எஞ்சினைக் குடைந்து பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். டீசல் பம்ப் போய்விட்டது. பெட்ரோல் வண்டி எப்படியாவது உறுமும், டீசல் வண்டிக்குப் பம்ப் போனால் உயிர் போனமாதிரி. பூந்தமல்லியில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் அதே அளவில் ஒரு பம்ப் இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு அப்பா இரண்டு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். மெஷினை மட்டும் சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினார். அவர் தள்ளிக்கொண்டு நடக்க, நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். 

பாய் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"இது ஊட்டம்மா பொருளாச்சே நைனா. கேட்டியா அவங்கள?"

"கேட்டுட்டேன் பாய்."

"சரின்னாங்களா?"

"சரின்னுட்டா."

பாய் என்னைப் பார்த்தார். நான் அங்கே மாட்டியிருந்த சைக்கிள் டயர்களைப் பார்த்தேன். "வித்துட மாட்டேன். ஒரு வருசம் இப்டியே மூடி வெச்சிருக்கேன். காசு வந்ததும் வந்து எடுத்துக்கினு போ" என்றார். அவர் நல்ல மனிதர். அப்பா பொய் சொன்னது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. அம்மா இங்கே இல்லை, கேட்க முடியாது, கேட்டால் எப்படியும் சரி என்பாள், அதனால் அப்பா நேரத்தை மிச்சப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

ஸ்டாண்ட் மட்டும் வீட்டில் நின்றது. நடுவில் மெஷின் இருந்த இடத்தில் பெரிய ஓட்டை. அப்பா அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு, செய்தித்தாளை விரித்து, கழற்றிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் அதில் வரிசையாக வைத்தார்.

பம்ப் மாட்டிய பிறகு குழாயில் இருக்கிற காற்றை எடுக்கவேண்டும். காற்று இருந்தால் டீசல் ஏறாது. பம்பின் பக்கத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கும். அதை நான் கையால் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அப்பா ஒரு நட்டைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் "போதும்" என்பார். அன்றைக்கு அவர் போதும் என்றபோது என் கட்டை விரலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. கோயிலுக்கு வந்திருந்த ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். கார் ஒரு முறை குலுங்கி, தெருவை மறைக்கிற அளவுக்குப் புகை விட்டு, அரிசி மில் மாதிரி சத்தம் போட்டது. ஓடிவிட்டது.

எனக்கு அப்போதே கிளம்பிவிடவேண்டும். அப்பா பிரேக் சரியில்லை என்றார். பிரேக் சரியான பிறகு ஹாரன் அடிக்கவில்லை என்றார். பொங்கல் வந்து போனது.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பையில் வேர்க்கடலையும் எனக்கு ஒரு பாவாடைத் துணியும் இருந்தன. அப்பா எண்ணெய்க் கையோடு வாசலில் நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு மாமா, "போதும் மாப்ள. அவளும் எளச்சிப் போயிட்டா. வெள்ளிக்கிழமை நல்ல நாளு. வந்து அழைச்சிகினு போங்க" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "காருல வரணும்னு சொல்லிச்சி மச்சான்."

"அது கோவத்துல சொன்னது. காரும் வாணாம் தேரும் வாணாம். பஸ்ல வாங்க. நான் சொல்லிக்கிறேன்."

"இல்ல மச்சான். காரே ஓடுது."

"ஓடுதா?"

அப்பா ஓடிப்போய் ஸ்டார்ட் பண்ணினார். அன்றைக்கு யாரும் தள்ளாமலே அது கிளம்பியது. மாமா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பரவால்ல மாப்ள. நம்ம மில்லுல ஒரு எஞ்சினு படுத்துகினு கீது, வந்து பாருங்க" என்றார். அப்பாவை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "மச்சான், குந்துங்க. தோ வந்துட்டேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, போண்டாவும் டீயும் வாங்கிவர சைக்கிளில் பறந்தார்.

மாமா வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். "உங்கம்மா இன்னா சொல்லி அனுப்பிச்சா தெரியுமா கண்ணு? மெஷினுக்கு எண்ணெ வுட்றாங்களான்னு பாத்துகினு வான்னா. பாத்திரத்த கேக்கல, பண்டத்த கேக்கல. அத வுட்டுட்டு வந்தா பாரு, அப்போவே தெரியும் எனக்கு, இவ திரும்பிப் போறவதான்னு" என்றபடி, ஸ்டாண்டின்மேல் இருந்த செய்தித்தாளின் ஓரத்தைத் தூக்கினார். பலகை நகர்ந்தது. ஓட்டை தெரிந்தது.

"மெஷினு எங்கமா?"

அப்பா இல்லாத நேரத்தில் அவருக்காகப் பேசவேண்டியது நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

"பூந்தமல்லில பாய் கடையில கீது மாமா. அத குடுத்துட்டுத்தான் பம்பு வாங்கினோம். பம்பு இல்லன்னா டீசல் வண்டி ஓடாது."

"குடுத்துட்டாரா?"

"சும்மாதான இருந்துச்சி. தெக்க ஆளு இல்ல."

"உங்கம்மாவ ஒரு வார்த்த கேக்கல?"

"அம்மாதான் இங்க இல்லியே. பாய்கூட கேட்டாரு, ஊட்டம்மாவ கேட்டியான்னு. கேட்டுட்டேன், சரின்னுட்டான்னு அப்பா சொல்லிட்டாரு. இல்லன்னா பாய் பம்ப குடுத்திருக்க மாட்டாரு மாமா."

மாமா ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சு அவருக்கு இன்னும் போதவில்லை என்று நினைத்து, மற்றதையும் சொன்னேன். டீசல் விலை, கூலி மிச்சம், முகூர்த்த வாடகை, இரும்பு விலை, காருக்குள் மழை ஒழுகாதது, எல்லாம். ஒன்றைக்கூட விடவில்லை. கடைசியில் அப்பாவுக்கே தோன்றாத ஒன்று எனக்கு அந்த இடத்தில் தோன்றியது.

"தையல் மெஷின்ல ஏறி எங்கயும் போவ முடியாதே மாமா" என்றேன்.

மாமா என் தலையைத் தொட்டார். பிறகு பலகையைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, செய்தித்தாளை நேராக்கி, உருண்டுபோன நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்தார். ஒரு நட்டு ஸ்டாண்டுக்கு அடியில் போயிருந்தது. குனிந்து அதையும் தேடி எடுத்து வைத்தார். அப்பா வந்தபோது மாமா வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான் அதுக்குள்ள? டீ ஆறிடும்."

"இல்ல மாப்ள. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி." கொஞ்சம் நடந்து, திரும்பி நின்றார். "வெள்ளிக்கிழமை வராதீங்க. நானே சொல்லி அனுப்பறேன்."

அப்பா தூக்குப் பாத்திரத்தில் டீயோடு நின்றார். மாமா தெருமுனை திரும்பிய பிறகு, "இன்னா கேட்டாரு?" என்றார்.

"காரப் பத்தி கேட்டாருப்பா. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அடிப்பார் என்று நான் நினைக்கவில்லை, அடிக்கவும் இல்லை. பாராட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். போண்டாப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்து, "சூடா கீது. சாப்புடு" என்றார். நாலு போண்டாவையும் நானே தின்றேன்.

மாமாவிடமிருந்து சேதி வரவே இல்லை. அம்மா வந்தாள், ஆனால் மூன்று வருஷம் கழித்து, நான் பெரியவளானபோது. தாய்மாமன் சீர் இல்லாமல் தண்ணீர் ஊற்ற முடியாது என்பதால் மாமா வரவேண்டியிருந்தது, மாமாவோடு அம்மாவும் பஸ்ஸில் வந்தாள். வந்தவள் இருந்துவிட்டாள். ஆனால் அப்பாவோடு அவள் முன்போல் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அதற்குள் நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, வீட்டு வேலை முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். மெஷினை எடுத்துக்கொண்டு போ என்று பாய் இரண்டு முறை ஆள் அனுப்பினார். முகூர்த்த வாடகையில் வந்த பணம் டயருக்கே சரியாகப் போனது. அப்பா பூந்தமல்லிக்குப் போகவேண்டியிருந்தால் பாய் கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவார்.

இதெல்லாம் பிற்பாடு நடந்தது. நான் சொல்ல நினைத்தது அந்த வெள்ளிக்கிழமையை.

மாமா வராதீங்க என்று சொன்னதை நானும் கேட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று சொன்னதையும் கேட்டிருந்தேன். பெரியவர்கள் கோபத்தில் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்று மாமாவே அன்றைக்குச் சொல்லவில்லையா? அப்பா காலையில் வழக்கம்போல் சைக்கிளில் வேலைக்குப் போனார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருவார் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. கிணற்றிலிருந்து பத்துக் குடம் தண்ணீர் இறைத்துக் காரைக் கழுவினேன். கண்ணாடிகளைத் துடைத்தேன். டீசல் டேங்கில் குச்சியை விட்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். பிறகு தலைவாரி, பொங்கலுக்கு அப்பா வாங்கித் தந்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, முன்சீட்டு அம்மாவுக்கு என்பதால் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை என்பதால் தெருவில் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டம். பூக்காரம்மா கூடையோடு வந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எங்கமே, மகாராணி சவாரி?"

"எங்கம்மாவ அழைச்சிகினு வரப் போறோம்."

"உங்கப்பன் எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு ஒரு முழம் மல்லியைக் கிள்ளி, காசு கேட்காமல் என் மடியில் போட்டுவிட்டு, "உங்கம்மா தலையில வெச்சி வுடு" என்று சொல்லிப் போனாள்.

கம்பெனி விடுகிற நேரத்துக்குத்தான் அப்பா வந்தார். சைக்கிளை வேலியில் சாத்தினார். கழுவின காரையும் உள்ளே என்னையும் பார்த்தார். என் மடியில் இருந்த பூவைப் பார்த்தார். இறங்கு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முன்கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின்மேல் வைத்தார். எனக்கு அவருடைய பிடரியும் சட்டைக் காலரும்தான் தெரிந்தன. சாவியைப் போடுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயிலுக்குப் போனவர்கள் திரும்பி வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"போலாமாப்பா?" என்றேன்.

அவர் திரும்பாமலே, "டீசல் இல்ல பாப்பா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குச்சியில் பாதிக்குமேல் நனைந்திருந்ததை நான்தான் பார்த்திருந்தேனே. திருவள்ளூர் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். போன வாரம் தன் கையாலேயே ஊற்றியதை அப்பா மறந்துவிட்டாரே என்று நினைத்தேன். சொன்னால் அவருக்கு வெட்கமாகப் போய்விடும் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.